நாலு மீட்டர் பன்னிரண்டு

எங்கே சாப்பிடலாம் என்று கேட்கிறீர்கள்.
என்னிடம் கேட்டால்
முதலில் தண்ணீர்க் கணக்கைத்தான் சொல்வேன்.
மேகோங் கரையில் நட்டிருக்கும் அளவுப் பலகையைக்
காலை ஏழு மணிக்குப் படித்து
நோட்டில் எழுதுவது என் உத்தியோகம்.

ஒன்பது மீட்டர் என்றால்
புன்லோமின் மிதவைக் கடை
புத்தர் கோயில் படித்துறையை ஒட்டி நிற்கும்.
செருப்பு நனையாமல் ஏறலாம்.
ஆறு என்றால் ஒரு மூங்கில் பாலம்,
ஐந்து என்றால் இரண்டு.
அதற்கும் கீழே போய்விட்டால்
மணல்மேட்டில் புகையிலைச் செடிகளுக்கு நடுவே நடந்து
உரல் சத்தம் வரும் திக்கில் போங்கள்.
பொக், பொக், கொஞ்சம் இடைவெளி, பொக்.
அந்த இடைவெளியில்தான்
அவள் ருசி பார்க்கிறாள்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை.
முந்தின நாள் கணக்கு நாலு மீட்டர் பன்னிரண்டு.
ராத்திரியில், மேலே எங்கோ,
நான் பார்க்காத ஒரு நாட்டில்
யாரோ மதகை இறக்கியிருக்க வேண்டும்.
விடிந்தபோது இரண்டு தொண்ணூறு.
நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு தரம் படித்தேன்.
மிதவை மணலில் உட்கார்ந்து
லாவோஸ் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது,
குடித்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி.

கோன்கேனிலிருந்து ஒரு வேன், பதினோரு பேர்,
மதியத்துக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.
"இன்றைக்கு மூடிவிடலாம்" என்றான் அவள் கணவன் சம்ரான்.
"சாய்ந்தது தரைதானே?
உரலுக்கு அடியில் ஒரு செங்கல் வை."

பச்சைப் பப்பாளியைக் கையில் பிடித்தே கொத்திச் சீவினாள்.
பூண்டு, மிளகாய், அம்பழக்காய் ஒரு துண்டு,
பிறகு அந்த ஜாடி:
எட்டு மாதம் உப்பும் தவிடும் தின்று
இருட்டில் முதிர்ந்த மீன்.
மூடி திறந்ததும் ஒரு பெண் மூக்கைப் பொத்தினாள்,
பாங்காக்கில் வேலை பார்ப்பவளாம்.
"எனக்கு அது இல்லாமல்."
புன்லோம் சரி என்றாள்.
கரண்டியைக் கழுவவில்லை.

அரிசியை வறுத்து இடித்துத் தூவிய லாப்.
செவ்வெறும்பு முட்டை போட்ட ஆம்லெட்;
பல்லில் பட்டதும் புளிப்பாய் வெடிக்கும்.
சதகுப்பைக் கீரை மணக்கும் கெளுத்திக் குழம்பு,
உப்பு அப்பிச் சுட்ட மீன்.
"ஆற்று மீனா?" என்று கேட்டார் ஒருவர்.
"ஆற்றில் கூண்டு வைத்து வளர்த்தது.
ஆற்று மீன் வேண்டுமானால்
என் மாமனார் காலத்துக்குப் போக வேண்டும்."

குழம்பெல்லாம் கிண்ணத்தில் ஒருக்களித்து நின்றது.
ஒரு பையன் ஒட்டுச்சோற்றை உருட்டித் தரையில் விட்டான்.
அது நேராக ஆற்றை நோக்கி உருண்டது.
இன்னொன்று விட்டான்.
அப்பா அதட்டினார், பிறகு அவரும் ஒன்று உருட்டினார்.

இரண்டரை மணி இருக்கும்.
சொல்லாமல் போன தண்ணீர்
சொல்லாமலே திரும்பி வந்தது.
அடிப் பீப்பாய்கள் முனகின.
கிண்ணத்தில் குழம்பு மெல்ல மட்டமானது.
பாடிக்கொண்டிருந்தவர்கள் கவனிக்கவில்லை.
மூக்கைப் பொத்திய பெண்
ஜாடிச் சாறு தேங்கிய தட்டின் ஓரத்தை
சோற்றுருண்டையால் வழித்துக்கொண்டிருந்தாள்.
"ஸேப்" என்றாள், இந்த ஊர்க்காரி மாதிரியே.
புன்லோம் மட்டும் உலக்கையை நிறுத்தி
காலடியில் தரை எழும்புவதைக் கேட்டாள்.

என் நோட்டில்
ஏழு மணிக்கு மட்டும்தான் கட்டம் உண்டு.
இரண்டரை மணிக்கு நான் பார்த்ததை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
ஓரத்தில் பென்சிலால் "மிதந்தது" என்று எழுதினேன்.
மேலதிகாரி அதைச் சுழித்து
ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினார்.

கடை நாளைக்கு எங்கே இருக்கும்
என்று அவளும் என்னைத்தான் கேட்கிறாள்.
எனக்கென்ன தெரியும்?
நேற்றையதைத்தான் எழுதுகிறேன்.
நீங்கள் ஏழு மணிக்கு மேல் வாருங்கள், சொல்கிறேன்.
சில்லறையாகக் கொண்டு வாருங்கள்.
செவ்வாய்க்கிழமை கடை கிடையாது.
சோற்றுக்கூடையின் மூடியை மறக்காமல் மூடுங்கள்,
காற்றுப் பட்டால் காய்ந்துவிடும்.